ஞானஜோதியின் முகத்தைக் காணோம்

சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு ஆஷா போட்ட கூச்சலில் பெருங்களத்தூரின் அந்தத் தெரு முழுக்க விழித்துக்கொண்டது.

"ஐயோ, அத்தையக் காணோம்!"

அத்தை ஞானஜோதி இறந்து அன்றோடு ஒரு வருஷம். ஆஷா சொன்னது மரப்பலகையில் அறுத்தெடுத்த அத்தையின் முகத்தை. அதை ஹாலில் மாட்டி, கூட்டத்தில் திறந்து காட்டுவதற்காக முன்னால் கயிறு கட்டி வெள்ளைத் துண்டு தொங்கவிட்டிருந்தார்கள். இப்போது ஆணி மட்டும் இருந்தது. நாலரைக்கு நினைவு ஜெபக்கூட்டம். பாஸ்டர் கிளம்பிவிட்டார்.

மாடி வீட்டில் குடியிருக்கும் சப் இன்ஸ்பெக்டர் ஹஃபீசா, லீவு நாளாச்சே என்று தலைக்கு எண்ணெய் வைத்திருந்தவள், அப்படியே கொண்டையை முடிந்துகொண்டு இறங்கி வந்தாள்.

ஆஷாவின் கணவன் ஃபிரெடி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை.

"வேற எது போனாலும் பரவால்லக்கா. இன்னிக்கு அப்பா, அம்மா முகத்தத் தொட்டுப் பாக்கணும்."

அப்பா வேதசிரோமணி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. சுவரில் ஞானஜோதி, உதட்டோரம் கடுகு போல ஒரு மருவோடு, போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அது வெறும் கண்ணாடி. அதனால்தான் மகன் மரத்துக்குப் போனான்.

"எப்படிச் செஞ்சேன்னு மொதல்லருந்து சொல்லு" என்றாள் ஹஃபீசா.

ஃபிரெடி லேப்டாப்பைத் திறந்தான். துக்கத்திலும் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

"இந்த போட்டோவத்தான் ஸ்கேன் பண்ணேன்க்கா. சாம்பல் கலரே இல்லாம முழுக் கறுப்பு, முழு வெள்ளைன்னு சாஃப்ட்வேர்ல பிரிச்சேன். கறுப்பு இருக்கற எடத்தையெல்லாம் கார்பென்டர் ஷாகுல் ரம்பத்துல அறுத்து எடுத்துருவான். வெள்ளை மட்டும் மரமா நிக்கும். ஏதாவது வெள்ளை தனியா நின்னா கீழ விழுந்துரும், அதுக்கெல்லாம் பாலம் போட்டு இணைச்சேன். பழைய போட்டோ பாருங்க, தூசி விழுந்து முகம் பூரா புள்ளி. சின்னப் புள்ளி அத்தனையும் ஒரே க்ளிக்ல காலி. இல்லாட்டி ஒவ்வொண்ணுக்கும் அவன் ஓட்டை போட்டுக்கிட்டு இருக்கணும்."

ஹஃபீசா லேப்டாப்பைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

"எனக்கு சேர் எறக்க வந்த குப்புராஜ் மேலதான் டவுட்டு" என்று ஆஷா கிசுகிசுத்தாள்.

வாசலில் நின்ற குப்புராஜுக்குக் காது கூர்மை. "இன்னாம்மா பேசற? எங்கூட்ல கீற மூஞ்சிங்களப் பாக்கவே நேரமில்ல, இத்த தூக்கினு போய் நான் இன்னா பண்றது?"

நியாயமான கேள்விதான். ஹஃபீசா, கூச்சல் கேட்டு ஓடி வந்திருந்த ஷாகுல் பக்கம் திரும்பினாள். அறுத்துக் கொடுத்தவன், கடைசியாகத் தொட்டவன் அவன்தான்.

"எத்தனை மணிக்கு மாட்டினீங்க?"

"மதியம் லுஹர் தொழுதுட்டு நேரா வந்து மாட்னேன் மேடம். வார்னிஷ் காயல, யாரும் கை வெக்காதீங்கன்னு படிச்சு படிச்சு சொல்லிட்டுப் போனேன்."

"அப்புறம் வீட்டுல யாரு?"

"நானும் அவரும் கேக் வாங்க தாம்பரம் போயிட்டோம்" என்றாள் ஆஷா. "மாமா உள்ள தூங்கிட்டிருந்தாரு."

வெள்ளைத் துண்டு நாற்காலி மேல் கிடந்தது. முனையோடு முனை சேர்த்து, நாலாக மடித்து.

"அவசரத்துல இருக்கற திருடன் துண்ட மடிச்சா வெப்பான்?" என்று கேட்டுவிட்டு, அவள் வேதசிரோமணியின் அறைக்குப் போனாள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகளில் பிஸ்கட் தூள் அப்பியிருந்தது. வேட்டியில் துடைத்தார், போகவில்லை. மறுபடி துடைத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அந்தத் துணியை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

ஹஃபீசா அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஃபிரெடி சத்தமில்லாமல் கதவோரம் வந்து நின்றான்.

"சார், வார்னிஷ் அவ்ளோ சீக்கிரம் கைய விட்டுப் போகாது. எடுத்தது நீங்கதான்."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த எடத்துல தேடினீங்கன்னும் தெரியும். ஃபிரெடி தூசின்னு அழிச்ச புள்ளிங்கள்ல ஒண்ணு தூசி இல்ல. உதட்டோரம் இருந்த மரு."

"பத்து தடவ தேடினேன்மா" என்றார். "நெத்தி அவதான், மூக்கு அவதான். அங்க வந்தா வழவழன்னு இருக்கு. வேற யாரோ. மூணு மாசமா டியூட்டி முடிஞ்சு வந்து கண்ணு எரிய எரிய ஒக்காந்து பண்ணான் பையன். எல்லாரும் பாக்கறப்ப தொடச் சொல்வான். இவன்கிட்ட போய் இது உங்கம்மா இல்லடான்னு எப்படிச் சொல்லுவேன்? ஆமான்னு பொய் சொல்லவும் எனக்கு வராது."

கதவோரம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெரியவர் தலையைத் திருப்பினார்.

"ஃபிரெடி?"

ஃபிரெடி உள்ளே வந்தான். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே கையை விட்டு, முனை மட்டும் தெரிந்த பலகையை எடுத்தான். முகம் வெளிப்பக்கம் பார்த்து இருந்தது. சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப் பெரியவருக்கு மனசு வரவில்லை போலும். நெற்றியில், மூக்கில், கன்னத்தில் விரல்தடம். உதட்டோரத்தில் மட்டும் வார்னிஷ் சுத்தமாகத் தேய்ந்து மரம் தெரிந்தது.

"என் வார்னிஷு!" என்று தலையில் கை வைத்தான் ஷாகுல். அடுத்த கணமே வாயை மூடிக்கொண்டான்.

"மன்னிச்சிருங்கப்பா. தூசின்னு நெனச்சிட்டேன்" என்றான் ஃபிரெடி. அழுகை அவனுக்கு அடங்கவே இல்லை.

ஹஃபீசா எழுந்தாள். "ஆஷா, அஞ்சறைப் பெட்டிய எடுத்துட்டு வா. ஷாகுல், பசை இருக்கா?"

ஆஷா இருப்பதிலேயே பெரிய கடுகாகப் பொறுக்கிக் கொடுத்தாள். சுவரில் இருந்த போட்டோவைக் கழற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, இடம் பார்த்து, ஒரு சொட்டுப் பசையில் ஃபிரெடி அதை அழுத்தினான். ஷாகுல் வாயால் ஊதி ஊதிக் காயவைத்தான். பிறகு பலகையை அப்பாவின் மடியில் வைத்தார்கள்.

விரல்கள் நெற்றியில் தொடங்கி, புருவம், மூக்கு என்று இறங்கின. உதட்டோரம் வந்து நின்றன. அங்கேயே நின்றன.

"ஜோதி" என்றார் வேதசிரோமணி. "இவ்ளோ நேரம் எங்கம்மா போயிருந்த?"

வாசலில் பாஸ்டரின் ஸ்கூட்டர் வந்து ஹாரன் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.