முன்யா குடித்த கை

எங்கள் மைதானம் மேகத்துக்கு மேலே இருக்கிறது. சும்மா பீற்றிக்கொள்ளவில்லை, நிஜமாகத்தான்! காற்று லேசாக இருப்பதால், பந்தை ஓங்கி உதைத்தால் அது பாட்டுக்குப் பறந்துகொண்டே இருக்கும். அப்புறம் யாராவது நீளக் கழுத்து லாமாக்களின் மந்தைக்குள் புகுந்து தேட வேண்டும்.

நான் சுல்மா. எங்கள் பள்ளிப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். அன்று எங்களுக்கு அரையிறுதி ஆட்டம். ஜெயித்தால் இறுதிப் போட்டி. அது எங்கே நடக்கிறது தெரியுமா? கடற்கரையில்! எங்கள் அணியில் ஒருத்திகூடக் கடலைப் பார்த்ததில்லை. எனக்குக் கனவில்கூடக் கடல்தான் வந்தது. ஆனால் அது எங்கள் ஊர் ஏரி மாதிரியே இருந்தது. வேறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதே!

எதிரணி அந்தக் கடற்கரை ஊர்ப் பள்ளிதான். மதியம் அவர்களுடைய பஸ் வந்து நின்றது. ஆட்டமும் பாட்டமுமாக இறங்குவார்கள் என்று பார்த்தோம். முதலில் கையுறை போட்ட ஓர் உயரமான பெண் இறங்கினாள். நேராக பஸ்ஸுக்குப் பின்னால் போனாள். உவ்வே என்று வாந்தி எடுத்தாள். மற்றவர்களும் தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அங்கங்கே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அச்சச்சோ, மலை மயக்கம்!" என்றாள் எங்கள் கேப்டன் யூடி. பாவம் என்று நினைத்தா சொன்னாள்? ம்ஹூம். வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

கடற்கரையிலிருந்து ஒரேயடியாக எங்கள் உயரத்துக்கு ஏறி வந்தால் யாருக்கும் இப்படித்தான். தலை விண்விண் என்று வலிக்கும். வயிறு புரட்டும். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். முந்தின நாளே வந்து ஓய்வெடுக்க வேண்டியவர்கள். வழியில் பஸ் ரிப்பேராகிவிட்டதாம்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு பேராவது களத்துல நிக்கணும். நாலு மணி வரைக்கும் பாப்பேன். நிக்கலேன்னா உள்ளூர் டீம் ஜெயிச்சதா அறிவிச்சிடுவேன்."

"கேட்டியாடி?" யூடி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "விளையாடாமலே கடல்! சும்மா உக்காந்திருந்தா போதும்!"

எல்லோரும் குதித்தார்கள். பொய் சொல்வானேன், நானும் குதித்தேன்.

குதித்த வேகத்தில் பந்து உருண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய்விட்டது. எடுக்கப் போனால், அங்கே அந்தக் கையுறைப் பெண் அழுதுகொண்டிருந்தாள். பெயர் பிரிசாவாம்.

"தோத்திருந்தாக்கூடப் பரவால்ல," என்று விம்மினாள். "ஒரு பந்தைக்கூடப் பிடிக்காம எப்படித் திரும்பிப் போறது?"

அவளுடைய கையுறையில் கட்டைவிரல் கிழிந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது. என் கையுறையிலும் அதே இடத்தில்தான் தையல். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

"முன்யா குடிச்சியா?" என்று கேட்டேன்.

"அப்படின்னா?"

முன்யா தெரியாத ஆளா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் மலையில் விளையும் மூலிகை. புதினா மாதிரி வாசனை, ஆனால் இன்னும் காரம். எங்கள் ஊரில் வயிறு வலித்தால் முன்யா டீ. மூக்கு முட்டச் சாப்பிட்டாலும் முன்யா டீ. தலை கனத்தால் இலையைக் கசக்கி மோந்து பார்ப்போம். விருந்தாளி வந்தால் முதலில் நீட்டுவதும் அதைத்தான். இன்று ஒரு பஸ் நிறைய விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை! வெட்கமாக இருந்தது.

ஆனால் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த முன்யா எல்லாம் பனியில் கருகிவிட்டது. தூரத்து மேட்டுக்குப் போய்ப் பறித்து வர நேரம் இல்லை. வீட்டில் இருக்கிறது. எங்கே? கிழங்கு அறையில்! உருளைக்கிழங்குக் குவியலுக்கு நடுவே அம்மா அடுக்கடுக்காக முன்யாவைப் பரப்பி வைத்திருந்தார். அந்த வாசனைக்குப் பூச்சி அண்டாது.

நான் ஓடிப் போய் விஷயத்தைச் சொன்னதும் அம்மா பொரிந்து தள்ளினார்.

"அதுல கைய வெச்சே, தெரியும் சேதி! பூச்சி கிழங்கைத் தின்னுடுச்சுன்னா வருஷம் பூரா எதைத் திங்கிறது? உன் பந்தையா?"

"வாந்தியா எடுக்குதுங்கம்மா. என் வயசுப் பிள்ளைங்க. மண்ணுல சுருண்டு கெடக்குதுங்க."

"பிள்ளைங்களா?" அம்மா கையிலிருந்த கம்பளி நூலைக் கீழே வைத்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்னடி! நான் யாரோ பெரிய ஆளுங்கன்னு நெனச்சேன். பெரிய பானையை எடு. ஆனா ஒண்ணு, எடுத்த அளவு நாளைக்கே மேட்டுக்குப் போய்ப் பறிச்சிட்டு வந்து வைக்கணும்."

"வெச்சிடுறேம்மா!"

ஆளுக்கொரு பக்கம் பானையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தோம். யூடி ஓடிவந்து என்னை மறித்தாள்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? இதுங்க எந்திரிச்சா நமக்குக் கடல் இல்லடி!"

"எந்திரிக்கட்டும். ஆடி ஜெயிப்போம். சும்மா உக்காரவா இத்தனை நாள் விழுந்து எழுந்து பழகினேன்?"

"எனக்கு உக்காந்தே ஜெயிச்சா போதும்!"

"அப்ப நீ உக்காரு. நகரு, கை சுடுது!"

அதற்குள் சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா வந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணுக்கு மட்டும் தலைவலி அதிகமாக இருந்ததால், அவளை வேனில் ஏற்றிக் கீழே பள்ளத்தாக்குக்கு அனுப்பினார். மற்றவர்களிடம், "மடக்மடக்னு குடிக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா. குடிச்சிட்டுப் பேசாம படுங்க. டீ வயித்துக்கு நல்லது. மிச்சத்தை ஓய்வுதான் சரிபண்ணணும்," என்றார்.

பிரிசா கப்பை மோந்து பார்த்தாள். "என்ன இது, பல் தேய்க்கிற பேஸ்ட்டா?"

"முதல்ல குடி. அப்புறம் திட்டு."

ஊதி ஊதிக் குடித்தாள். படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். அவள் வாயிலிருந்து மைதானமே அதிர ஓர் ஏப்பம் வந்தது.

"ஏவ்வ்வ்!"

"வேலை செய்யுது!" என்று கத்தினேன். பிரிசாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாலு மணி நெருங்கியது. பிரிசா எழுந்தாள். இன்னொருத்தி எழுந்தாள். இன்னும் இரண்டு பேர். அப்புறம் யாரும் அசையவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்தார். அப்போது மூன்று பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்து நின்றார்கள். ஏழு!

ஆட்டம் தொடங்கியது! நர்ஸ் அக்கா எல்லைக் கோட்டருகிலேயே நின்றார். நாங்கள் சுற்றிச் சுற்றி ஓடினோம். அவர்கள் ஓடவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே பந்தைத் தட்டித் தட்டி எங்களைப் பாடாய்ப் படுத்தினார்கள். நாங்கள் அடித்ததை எல்லாம் பிரிசா பிடித்தாள். பிடித்த ஒரு பந்தைக் கீழே வைத்து, ஓங்கி ஓர் உதை விட்டாள். கடற்கரையில் அந்த உதைக்குப் பாதி மைதானம்தான் போகுமாம். எங்கள் காற்றில்? பந்து பறந்தது, பறந்தது, பறந்துகொண்டே இருந்தது! என் முன்னால் விழுந்து எகிறியது. நான் கையை நீட்ட நீட்ட, தலைக்கு மேலே தாண்டி வலைக்குள் போய்விட்டது.

பிரிசாவே வாயைப் பிளந்தாள்.

கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. யூடி உதைத்தாள். புயல் வேகம்! பிரிசா பாய்ந்து, விரல் நுனியால் பந்தை வெளியே தள்ளிவிட்டாள். விசில் ஊதியது. தோற்றுவிட்டோம்.

"அந்தக் கை!" யூடி என்னைப் பார்த்துக் கத்தினாள். "உன் முன்யா குடிச்ச கைடி அது!"

நான் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். கடல் போயே போய்விட்டது. பின்னே, அழாமல் இருக்க முடியுமா?

அம்மாவோ மீதியிருந்த முன்யாவையும் கட்டி பிரிசாவிடம் கொடுத்தார். "பஸ்ல குமட்டினா மோந்து பாரு கண்ணு."

"கோல் கம்பத்தையும் பிடுங்கிக் குடுத்திடுங்க அத்தை," என்று யூடி முணுமுணுத்தாள்.

பிரிசா அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "இதை எப்படித் திருப்பிக் குடுக்குறது?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். ஒருவர் நமக்கு ஒரு வேலை செய்தால், அதே வேலையை நாமும் அவருக்கு ஒருநாள் செய்ய வேண்டும். கிழங்கு தோண்ட வந்தால் கிழங்கு தோண்டப் போக வேண்டும். பிரிசா தலையை ஆட்டிக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் நான் மேட்டில் முன்யா பறித்துக்கொண்டிருந்தபோது யூடி மூச்சிரைக்க வந்தாள்.

"உன்மேல இன்னும் கோவம்தான்," என்றாள். "ஆனா தனியா கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்க போரடிக்குது." பேசிக்கொண்டே என்னைவிட அதிகமாகப் பறித்துவிட்டாள்.

சில வாரம் கழித்து, ஒரு காலையில் பள்ளி வாசலில் பாம் பாம் என்று ஹாரன் சத்தம். அதே பஸ்! உள்ளே காலி இருக்கைகள். ஜன்னலில் பிரிசா! இந்தத் தடவை அவள் முந்தின நாளே வந்து பள்ளத்தாக்கில் தங்கிவிட்டு ஏறியிருந்தாள்.

"எங்க ஊர்ல ஃபைனல்! கைதட்ட ஆள் வேணும்! ஏறுங்கடி!"

நாங்கள் போட்ட கூச்சலில் லாமாக்கள் எல்லாம் சிதறி ஓடின.

கடல் எங்கள் ஏரி மாதிரி இல்லவே இல்லை. அதற்கு மறுகரையே இல்லை! கத்திக் கத்தி எங்கள் தொண்டை கட்டியது, பிரிசா அணி கோப்பையை ஜெயித்தது. சாயங்காலம் பிரிசாவின் அப்பா எங்களைத் தன் மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொண்டார். யூடி முன்னால் நின்று, "கடலே, யூடி வந்துட்டேன்!" என்று இரண்டு கைகளையும் விரித்தாள். ஓர் அலை தூக்கியது. இன்னோர் அலை இறக்கியது. விரித்த கைகள் வயிற்றுக்கு வந்தன. முகம் பச்சையாகிவிட்டது. எனக்கும் குடல் வாய்க்கு வந்தது.

பிரிசா சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏழு பேராவது நிக்கலேன்னா எங்க டீம் ஜெயிச்சதா அறிவிச்சிடுவேன்!"

அவள் கையில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது. மூடியைத் திறந்ததும் எங்கள் மலை வாசனை வந்தது.

யூடி கப்பைப் பிடுங்கி, ஊதி ஊதிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், படகே அதிர...

"ஏவ்வ்வ்!"

"வேலை செய்யுது!" என்று கத்தினாள் பிரிசா.