வேலிப் பொட்டில் இரண்டு கைகள்

உரும்பிராய் ஞானாம்பிகைக்குப் பத்து வயது. வாயைத் திறந்தால் "ஏன்?" என்றுதான் வரும். அன்று அவள் கிணற்றடிக்குப் போனபோது, அக்கா குணலட்சுமி எதையோ முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். விடுவாளா ஞானா?

"என்னக்கா அது?"

"ஒண்டுமில்லை. போடி அங்காலை!"

ஒளித்தது ஒரு வாசச் சவர்க்காரம், குளிக்கிற சோப்புக் கட்டி! அது சண்டைக் காலம். கடைகளில் சவர்க்காரமே இல்லை. ஊரே பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தது. அக்கா தன் புது ரிபன் இரண்டையும் சிநேகிதிக்குக் கொடுத்து இதை வாங்கியிருந்தாள். உறையில் ஒரு சினிமா நடிகை வெள்ளை வெளேரென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் போட்டால் இவ மாதிரி வெள்ளையாய் வரலாமாம்," என்றாள் அக்கா. "பள்ளிக்கூட வாணி விழா நாடகத்திலை நான்தானே ராணி? படத்திலை எங்கையாவது கறுத்த ராணியைக் கண்டனியே? வகுப்பிலை எல்லாரும் சிரிக்கினம். வெளுக்காட்டி நான் நடிக்கமாட்டன்."

சொல்லும்போதே அக்காவின் கண் கலங்கிவிட்டது. ஞானா தன் சட்டை நுனியால் அதைத் துடைத்துவிட்டாள். ஆனால் அவளுடைய மூளை சும்மா இருக்குமா?

"அது உண்மையோ எண்டு சோதிச்சுப் பாப்பம் அக்கா!"

விஞ்ஞான வாத்தியார் இரண்டு சிரட்டைகளில் பயறு போட்டு, ஒன்றுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் காட்டியிருந்தார். அதே முறைதான். அக்காவும் அரை மனதோடு சவர்க்காரத்தை நீட்டினாள். வலது கைக்கு நடிகை சவர்க்காரம். இடது கைக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர். ஞானா ஒரு கிழமை விடாமல் தேய்த்தாள். வலது கை கமகமவென்று மணத்தது. சோற்றில் வாசம் ஒட்டுகிறது என்று இடது கையால் சாப்பிடப் பார்த்து, அம்மாவிடம் ஒரு குட்டும் வாங்கினாள்.

எட்டாம் நாள் தீர்ப்பு. முகத்தைக் கண்டால் ஆட்கள் பாவம் பார்த்துப் பொய் சொல்லிவிடுவார்கள். அதற்கும் ஞானாவிடம் வழி இருந்தது. பக்கத்து வீட்டு நாய் புகுந்து புகுந்து தென்னோலைக் கிடுகு வேலியின் அடியில் ஒரு பொட்டு, அதுதான் ஓட்டை, போட்டு வைத்திருந்தது. அவள் குந்தியிருந்து இரண்டு கைகளையும் அதற்குள்ளால் நீட்டினாள்.

"மார்க்கண்டு மாமா! பஞ்சலிங்கம்! எந்தக் கை வெள்ளை? பாத்துச் சொல்லுங்கோ!"

பக்கத்து வீட்டு மாமா தன் முற்றத்துக் கதிரையில் சுருட்டோடு இருந்தார். "இதென்ன புதினம்! வேலிக்குக் கை முளைச்சிருக்கு! இடது கைதான் கொஞ்சம் வெளுப்புப் போல கிடக்கு."

அவருடைய மகன் பஞ்சலிங்கம் குனிந்து பார்த்தான். "வலது. இல்லையில்லை, இடது. ரெண்டிலையும் ஊத்தை ஒரே அளவுதான்."

கமலாவதி மாமியும் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்டுதான். முதல்லை நகத்தை வெட்டு பிள்ளை!"

சோதனை முடிந்துவிட்டது! ஞானா துள்ளி எழுந்தாள். திரும்பிப் பார்த்தால், அக்காவின் முகம் வாடிக் கிடந்தது.

"அப்ப நான் வெளுக்கவே மாட்டன். நடிக்கேல்லை எண்டு நாளைக்கு ரீச்சரிட்டைச் சொல்லிப்போடுறன்."

ஐயோ! உண்மையைக் கண்டுபிடிக்கப் போய் அக்காவை அழவைத்துவிட்டாளே! ஞானா நகத்தைக் கடித்தாள். வேலியைப் பார்த்தாள். இந்தப் பக்கம் நிற்பவரின் முகம் அந்தப் பக்கம் தெரியாது. ஆனால் குரல் கேட்கும்.

"அக்கா, இன்னொரு சோதனை. உன்ரை ராணி வசனத்தை இதிலை நிண்டு சொல்லு. ஒருக்கா, எனக்காக."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு நிமிர்ந்து நின்றாள். தோட்டத்தில் நிற்கிற மாட்டை வீட்டிலிருந்தே கூப்பிடுகிற குரல் அவளுடையது.

"அரசியின் முன்னால் அமர்ந்திருப்பவன் எவன்? எழுந்து நில்!"

வேலிக்கு அந்தப் பக்கம் தடாலென்று கதிரை விழுந்தது.

"ஆரது?" மாமாவின் குரல் நடுங்கியது. "எழும்பிட்டன்! எழும்பிட்டன்! சுருட்டும் விழுந்திட்டுது!"

"மாமா, ராணி வெள்ளையோ, கறுப்போ?" என்று கேட்டாள் ஞானா.

"எழும்பின பயத்திலை அதை ஆர் பிள்ளை யோசிச்சது?"

அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கிணற்றுக் கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நடிக்கிறன்டி," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மிச்சச் சவர்க்காரத்தில் அன்று வீட்டில் எல்லோரும் ஆசைதீரக் குளித்தார்கள்.

வாணி விழாவன்று ராணி தன் சொந்த நிறத்திலேயே மேடைக்கு வந்து வசனத்தைச் சொன்னாள். முன்வரிசை வாங்கில் இருந்த மார்க்கண்டு மாமா இந்தமுறையும் எழும்பித்தான் நின்றார்.