நடுவில் விட்ட இடம்

அந்தச் செடியை முதலில் பார்த்தவள் ஜரினாதான். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன். நேத்துகூட இது இல்லியே" என்று முற்றத்திலிருந்து கூப்பிட்டாள். செடிகொடிகளைப் பெயர் சொல்லி வகைபிரிப்பது கணவனின் உத்தியோகம் என்பதில் அவளுக்குப் பெருமை. சிராஜுதீன் துண்டால் தலையைத் துவட்டியபடியே வந்து குனிந்தான். காட்டுக்கருணை. பாம்புத்தோல் போலப் புள்ளி விழுந்த ஒற்றைத் தண்டு. அடர்ந்த நிழலில், மக்கிய இலைக்குள் மட்டுமே வளர்வது. கடலுப்புக் காற்றில் சுவரெல்லாம் பொரிந்துகிடக்கும் இந்த முல்லா வீதி வீட்டில் அது முளைக்க வழியே இல்லை.

"செருப்புல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்" என்று சொல்லி வேரோடு பிடுங்கினான். பின்னால் நின்றிருந்த ஜரினா 'ஸ்' என்று கையை உதறினாள்.

"என்னா?"

"தெரியல. சுருக்குனு இழுத்துச்சு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஐப்பசி மாதம். புதுச்சேரி வட்டாரத்து இயற்கைத் தாவரங்களை நிலப்படமாக வரையும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. எந்தச் செடி எதனோடு சேர்ந்து வாழ்கிறது என்று பார்த்து, அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயர் வைத்து, படத்தில் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். கடலோரத்து மணல்செடிகளும் பனங்காடும் ஏரிக்கரையும் முடிந்து, மிஞ்சியிருந்தது மூலக்குளத்துக்கு அப்பால் செம்மண் மேட்டில் ஒரு துண்டுக் காடு. கோடையிலும் இலையுதிர்க்காத, இந்த மண்ணின் பழைய காடு. முற்றத்தில் செடி முளைப்பதற்குச் சில நாள் முன்பு அதற்குள் சிராஜுதீனும் உதவியாள் கன்னியப்பனும் கயிறு கட்டி ஒரு சதுரம் வளைத்தார்கள். வேரின் எடை வரைக்கும் தெரிய வேண்டும் என்று, எல்லோரும் முசியே என்றழைக்கும் பிரெஞ்சுத் துரை கேட்டிருந்ததால், உள்ளேயிருந்த எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார்கள். நடுவில் ஒரு கிழட்டு வீரைமரம் மட்டும் நின்றது.

"இதாவது நிக்கட்டுமே பாய்" என்றான் கன்னியப்பன்.

"முசியே மரத்து வயசு கேக்கறாரு, வளையம் எண்ணணும். வெட்டு."

மரம் சாய்ந்ததும் காட்டில் அத்தனை பூச்சிகளும் ஒரேயடியாக வாயடைத்துப்போயின. இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

கருணையைப் பிடுங்கிய இடத்தில் மறுபடியும் கருணையே வந்தது. பிறகு கிணற்றடியில் சங்கஞ்செடி. அம்மிக்குப் பக்கத்தில் காரைச்செடி, வந்தபோதே இடுப்புயரம். துணி காயப்போடும் கம்பில் ஆதொண்டைக் கொடி சுற்றியேறி, கொக்கிமுள்ளால் ஜரினாவின் புடவையைப் பிடித்து வைத்துக்கொண்டது. மழை ஓயாத அந்த நாட்களில் வீட்டுக்குள் சாம்பிராணி போட்டாலும் அடங்காமல், மக்கிய இலையும் ஈரச் செம்மண்ணும் எங்கோ செத்துக்கிடக்கும் எலியும் கலந்த ஒரு வாசனை, பாயிலும் தலையணையிலும் ஜரினாவின் கூந்தலிலும் ஏறியிருந்தது.

சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து அடுத்த வீட்டு நஜீமாவோடு பொழுதெல்லாம் வாயடிக்கிறவள், பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தாள். ஒருநாள் அவன் வேலையிலிருந்து வந்தபோது, கொட்டும் மழையில் முற்றத்தின் நடுவே நின்றிருந்தாள்.

"என்னா ஜரினா இது? உள்ள வா."

"இங்க நல்லா இருக்குதுங்க" என்றாள், அவன் பக்கம் திரும்பாமலே.

அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து தலையைத் துவட்டிவிட்டான். துவட்டும்போதே அவன் பார்வை முற்றத்துக்குப் போனது. மூலையில் கருணை. கிணற்றடியில் சங்கஞ்செடி. வலப்புறம் காரை. காட்டுச் சதுரத்தில் எது எங்கே நின்றது என்று கட்டம்போட்ட தாளில் குறித்தவன் அவனே. அதே இடங்கள். அதே தூரம். இன்னும் வராதது நடுவில் நின்ற வீரைமரம் மட்டும்.



கன்னியப்பன் சில நாட்களாக வேலைக்கு வரவில்லை. மறுநாள் மதியம் ஜரினாவை நஜீமாவிடம் விட்டுவிட்டு, சிராஜுதீன் மேட்டுப்பாளையத்துக்குச் சைக்கிளை மிதித்தான். கூரைவீட்டு வாசலில் கன்னியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை இரண்டும் கிழிந்து மண் அப்பியிருந்தது.

"உங்க வீட்லயும் வந்துடுச்சா பாய்?"

சிராஜுதீன் தலையசைத்தான்.

"புடுங்கிடாதீங்க. நான் காலைல எல்லாத்தையும் புடுங்கிப் போட்டேன். ஒவ்வொண்ணும் வேரோட வர்றப்பவும் எம் பொஞ்சாதி தனக்கொடி கத்துனா. நடுத்தோட்டத்துல நின்னுக்கிட்டுக் கத்துனா. நான் நிறுத்தல. கடைசிச் செடி வந்துச்சு, அவ சத்தம் நின்னுபோச்சு."

"இப்ப எங்க உன் பொஞ்சாதி?"

கன்னியப்பன் வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அங்க போவாதீங்க பாய். ஊட்டுக்குப் போங்க."

திரும்பும் வழியில் மழை விட்டிருந்தது. பெரிய மார்க்கெட்டுக்கு வெளியே கூடைகளும் வண்டிகளும் வழியை அடைத்திருந்தன. மீன்வாடையையும் மல்லிகை வாசனையையும் கிழித்துக்கொண்டு போனான். அத்தனை வாசனைக்கும் அடியில் அந்த இன்னொரு வாசனை அவனுக்கு எதிரே வந்தது. மார்க்கெட்டைத் தாண்டியும் வந்தது. வீதி திரும்பியதும் மூச்சை அடைத்தது.

நஜீமா தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். "துணி எடுத்துட்டு வர்றேன்னு போனா அண்ணே. கூப்பிட்டா பதிலே இல்ல. உள்ள போக எனக்கு பயமா இருக்கு."

கதவு திறந்திருந்தது.

இடைவழியில் இருட்டு. காலடியில் தரை ஓடு இல்லை. மெத்தென்று இலை.

"ஜரினா."

முற்றத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அதில் அவள் நின்றாள். நடுவில். கைகள் பக்கவாட்டில் விரிந்து, சற்றே உயர்ந்து. கணுக்கால்வரை மண்.

ஓடிப்போய் இடுப்பைக் கட்டித் தூக்கினான். வரவில்லை. இன்னும் பலமாக. மண்ணுக்குள் ஏதோ நூல் நூலாக அறுந்தது. அவள் வாய் திறந்தது. வந்தது ஒரு முனகல். கைகளை எடுத்துவிட்டான். அவனால் முடியவில்லை.

"வலிக்குதாம்மா?"

 மூச்சு இருந்தது. மிக மெதுவாக.

கூரைக்கு மேலே சிறகடிக்கும் சத்தம். கொண்டைக்குருவி ஒன்று இறங்கி, நீண்டிருந்த அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. நீரை உதறியது. அவனுக்கு அது அஞ்சவில்லை. முழங்கைக்குத் தாவியது. தோளுக்குத் தாவியது. தலையை ஒருபக்கம் சாய்த்து, பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்து, ஜரினாவின் கண்ணைக் கொத்தியது.

அவள் இமைக்கவில்லை.