ஐஸ் அறையில் காணாமற்போன மெஷின்

சிவகரனின் யாழ்ப்பாணக் கந்தோருக்கு வந்த வினோதா கதிரையில் இருக்க மறுத்துவிட்டாள். அவள் கணவன் அன்ரனிதாஸ் நெடுந்தீவில் மீனவர் ஐஸ் அறைக்குக் காவலாளி. அங்கிருந்த குளிரூட்டும் மெஷினைக் கழற்றி விற்றுவிட்டான் என்று அறையைக் கட்டிய கொந்தராத்துக்காரர் முறைப்பாடு கொடுக்க, இப்போது மறியல் சிறையில் இருக்கிறான்.

"அவர் களவெடுக்கேல்லை, சேர். அவரை வெளியிலை எடுத்துத் தாங்கோ," என்றாள்.

சிவகரன் பொலிஸ் அல்லர். கடன் கட்ட ஏலாதென்று நாடு கைவிரித்த பிறகு, வெளிநாட்டுக் கடனில் செய்த வேலைகள் உண்மையில் நடந்தனவா என்று பார்க்க அரசாங்கம் அமைத்த கணக்காய்வுப் பிரிவின் அதிகாரி. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுகிற உத்தியோகம்தான், என்ன செய்வது! அந்த ஐஸ் அறையும் அப்படியொரு கடனில் கட்டியதே. உதவியாளர் நிலாந்தினியையும் கூட்டிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினார்.

நிலாந்தினிக்குப் படகிலேயே கள்ளர் அகப்பட்டுவிட்டார்கள். அவ்வளவு பாரத்தை ஒரு ஆள் தூக்க ஏலாது, ஆகவே கூட்டுக் களவு என்றாள். சிவகரன் தலையாட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார்.

அறை வெறுமையாகக் கிடந்தது. நடுவில் சீமெந்து மேடை, அதில் மெஷினைப் பூட்டுவதற்கான போல்ட்டுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டும்போதே பச்சைப் பெயின்ற் அடித்திருந்தது. போல்ட்டுகளின் புரிகளில் அந்தப் பெயின்ற் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. சிவகரன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பிய திறப்புவிழாப் படத்தை நிலாந்தினியிடம் கொடுத்தார். அறை நிறைய, மேடையும் தெரியாமல், ஐஸ், மீன். "இன்று காலை பிடித்தது" என்று கீழே குறிப்பு. பூசை உடுப்போடு ஊர்ச்சனம். பின்னால் திறந்த கதவுக்கு வெளியே, கரையில் இழுத்துவிட்ட வள்ளங்கள்.

பின்னேரம் வினோதாவோடு ஊரையும் அங்கே கூப்பிட்டார். கத்தோலிக்க வேதக்கார மீனவர் ஊர். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"மெஷினை ஒருத்தரும் களவெடுக்கேல்லை," என்றார் சிவகரன். "பூட்டிக் கழட்டியிருந்தால் புரியிலை பெயின்ற் உரிஞ்சிருக்கும். மெஷின் வரவேயில்லை."

"அப்ப படத்திலை இருக்கிற ஐஸும் மீனும்?" நிலாந்தினி கேட்டாள்.

"வெளியிலை வாங்கினது. எல்லாரும் பூசை உடுப்போடை நிக்கினம், ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு இந்த ஊரிலை ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. அதாலை இது ஊர் முழுக்கத் தெரிஞ்ச பொய்."

மீனவர் சங்கத் தலைவர் பிலேந்திரன் தொண்டையைச் செருமினார். படம் எடுத்தால் அடுத்த மாதமே மெஷின் வருமென்று கொந்தராத்துக்காரர் சொன்னாராம், நம்பினார்களாம். கணக்காய்வு வருகிறது என்றதும் அந்த ஆள் களவு முறைப்பாடு கொடுத்தாராம். உண்மையைச் சொன்னால் உலகத்துக்கே பொய் காட்டிய ஊர் என்று பேர் வருமென்று இவர்கள் பேசாமல் இருந்தார்களாம். ஒரு மனுசன் மறியலில் கிடக்கிறான், இவர்களுக்கு ஊர்ப் பேர் பெரிதாகப் போயிற்று. சொல்லவே கூசுகிறது.

"நீதவானிட்டை இதை ஆர் சொல்லப்போறியள்?"

இப்படிக் கேட்டுவிட்டுச் சிவகரன் படத்தை வினோதாவிடம் நீட்டினார். முன்வரிசையில் பாரை மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பவள் அவளேதான்.

"தெரியும், சேர்," என்றாள் அவள். "ஊரைக் காட்டிக் குடுக்காமல் அவரை எடுக்கலாமெண்டு நினைச்சுத்தான் உங்களிட்டை வந்தனான். வெக்கமாக் கிடக்கு. நான் சொல்லுறன்."

அடுத்த நாள் நீதவானிடம் போக அவள் படகேறியபோது பிலேந்திரன் பின்னால் ஏறினார். பிறகு மற்றவர்களும் ஏறினார்கள்.

நீதவான் எல்லாரையும் கேட்டு முடித்து அன்ரனிதாஸை விட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவனுக்குக் கிட்டப் போக ஊரில் ஒருவருக்கும் துணிவில்லை. அவனே நடந்து வந்தான்.

"காலமை சாப்பிட்டனீங்களோ, அண்ணை?" என்று பிலேந்திரனைக் கேட்டான்.

பிலேந்திரன் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு அழுதார்.