தூங்கி எழுந்த கோபம்

“ஏய் லுதி! சூப்பு அடிப்பிடிக்குது பாரு! நின்னுக்கிட்டே தூங்குறியா...? உனக்கு வெக்கமே கிடையாதா?”

மாமியார் பசிலிசாவின் குரல் காதில் அறைய, லுதிவினா திடுக்கிட்டுக் கண் விழித்தாள். கையில் கரண்டி பிடித்தபடியே இருந்தது. எதிரே அண்டாவில் எலும்புச் சூப்பு வற்றிக் கருகிக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் அப்படி நின்றாளோ, அவளுக்கே தெரியவில்லை.

லாபாஸ் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னப் பாச்சோய் நூடுல்ஸ் சூப்புக் கடையில் காலைக் கூட்டம் நிறைந்திருந்தது. முதல் சவாரிக்கு முன்னால் சூடாக ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போக வந்த ஜீப்னி டிரைவர்களுக்கு இது நல்ல வேடிக்கை.

“விடுங்க நானாய், பாவம்! ராத்திரி முழுக்க மனாங் லுதி மரம் அறுக்குறாங்கல்ல? அலுப்பு இருக்காதா? குறட்டை எங்க தெருவரைக்கும் கேக்குது!” என்றான் ஒருவன். கடைக்கு வருகிற எல்லோருக்கும் பசிலிசா ‘நானாய்’, அம்மா; லுதி ‘மனாங்’, அக்கா.

கடையே சிரித்தது. லுதியின் கணவன் அர்செனியோ குனிந்து வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. ‘என் பெண்டாட்டியைக் கேலி பண்ணாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அப்போதுதான் நூடுல்ஸ் கூடையோடு உள்ளே வந்தாள் மிலாக்ரோஸ், அர்செனியோவின் தங்கை. கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு, லுதி இருக்கும் பக்கமே திரும்பாமல் தாயிடம் சொன்னாள்.

“நானாய், கூடையை எடுத்து உள்ள வைக்கச் சொல்லுங்க... முழிச்சிருந்தா.”

ஆறு வருடங்களாக இப்படித்தான். நேருக்கு நேர் ஒரு பேச்சுக் கிடையாது.

அந்த மிலாவை வளர்த்ததே லுதிதான்! லுதி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மிலா பள்ளிக்கூடச் சிறுமி. விடியுமுன் எழுந்து அண்டாவை ஏற்றி, அவளுக்குத் தலை பின்னி, சீருடைக்கு இஸ்திரி போட்டு அனுப்பியவள் லுதி. “மனாங், மனாங்” என்று காலைச் சுற்றிக்கொண்டே திரிந்த பெண் அவள்.

எல்லாவற்றையும் ஒரு மத்தியானம் எரித்துவிட்டது. கப்பலுக்குப் போகும் புருஷனை வழியனுப்ப மிலா மணிலாவுக்குப் போயிருந்தாள். மூன்று வயது மகள் ஆனிக்காவை லுதியிடம் விட்டிருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்ததுதான் லுதிக்கு நினைவிருக்கிறது. குழந்தை மடியிலிருந்து இறங்கியதோ, அடுப்பருகே போய் அண்டாவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரண்டியைப் பிடித்து இழுத்துக் கொதிக்கும் சூப்பைத் தன்மேல் கவிழ்த்துக்கொண்டதோ தெரியாது. அது அலறிய அலறலில் தெருவே ஓடிவந்தது. எல்லோரும் வந்த பிறகுதான் லுதி கண் விழித்தாள்.

ஆனிக்காவின் வலது கை தோளிலிருந்து முழங்கைவரை வெந்துபோயிற்று.

“கள்ளு குடிச்சிருப்பா... வேற எப்படி அந்தக் கூச்சல்ல ஒருத்தி தூங்க முடியும்?” என்று பசிலிசா சொன்னாள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. தென்னங்கள்ளை நாக்கில்கூட வைத்தறியாத லுதி அழுது அழுது மறுத்தாள். யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து பகலில் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. நின்றபடியே சமைத்தாள், நின்றபடியே சாப்பிட்டாள். கால்கள் வீங்கின. ஆனால் தூக்கம் நின்றுகொண்டிருப்பவளையும் விடவில்லை.

அன்று காலையும் விடவில்லை. கருகிய அண்டாவைத் தேய்க்கக் குனிந்தவள் அப்படியே முன்னால் சரிந்தாள். அடுப்புத் திண்டின் விளிம்பு நெற்றியைப் பிளந்தது.

ஆஸ்பத்திரிக்கு அர்செனியோ தூக்கிக்கொண்டு போனான். வாசலில் மிலாவின் வண்டிதான் நின்றது. வேறு வழியில்லாமல் அவளும் வந்தாள். திரைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றாள்.

நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருந்த பெண் டாக்டர் திடீரென்று கையை நிறுத்தினாள்.

“என்னங்க இது... இவங்க தூங்கிட்டாங்க! ஊசி குத்திக்கிட்டிருக்கேன், குறட்டை விடுறாங்க!” அவள் லுதியின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். குறட்டை உயர்ந்தது. பட்டென்று அறுந்தது. மார்பு எழும்பவில்லை. பிறகு தண்ணீரில் மூழ்கியவள் மேலே வந்ததுபோல் ஒரு பெரிய இழுப்பு.

டாக்டர் அர்செனியோவைக் கேட்டாள்: “இந்த மாதிரி மூச்சு நின்னு போறதை வீட்ல பார்த்திருக்கீங்களா?”

“ஆமா டாக்டர்... எப்பவும்தான்.”

“எவ்வளவு காலமா?”

“ரொம்ப வருஷமா. என் தங்கச்சி மக பொறக்கறதுக்கு முன்னாடியே...”

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. திரை விலகியது. மிலா அண்ணனைப் பார்த்தாள். விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

அந்த இழுப்பில் விழித்துக்கொண்ட லுதிக்கும் அது காதில் விழுந்திருந்தது. ‘இவனுக்குத் தெரியும்... இவனுக்கு முன்னாடியே தெரியும்...’ கண்ணில் நீர் வழிந்தது. ஏதோ கேட்க வேண்டும், கத்த வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. ஆனால் வீடு திரும்பும் வண்டியில் அந்த எண்ணத்தைப் பிடித்துவைக்கக்கூட அவளுக்குச் சக்தி இல்லை. தலை சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நீங்க சோம்பேறி இல்லம்மா. உண்மையைச் சொன்னா, நீங்க பல வருஷமா தூங்கவே இல்ல. கண்ணு மூடினதும் தொண்டை அடைச்சுக்குது. ராத்திரி முழுக்க மூச்சுக்காகப் போராடியிருக்கீங்க. பகல்ல உடம்பு எப்படித் தாங்கும்?”

லுதியின் மகனும் கப்பலில்தான் வேலை பார்த்தான்; அவன் மூச்சுக்கு உதவும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினான். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கில் மாட்டும் மாஸ்க். ஓயாமல் காற்றை உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும் ஏற்பாடு. முதலில் அது பெரிய சித்திரவதையாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வேகமாக ஓடும் பஸ்ஸில் போவதுபோல் காற்று முகத்தில் மோதியது. வாய் வறண்டது. பட்டை இறுக்கிய தடம் கன்னத்தில் சிவந்து கிடந்தது. பாதித் தூக்கத்தில் பிடுங்கி எறிவாள். மறுபடி தடவித் தேடி மாட்டுவாள்.

“சாகக் கிடக்கிறவங்களுக்கு மாட்டுற மாதிரி... வீட்டுக்கு ஆகாது!” என்று பசிலிசா முணுமுணுத்தாள்.

லுதி விடவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு விடியற்காலை, சேவல் கூவும் சத்தத்தில் கண் விழித்தாள். தலையில் பாரம் இல்லை. கண் எரியவில்லை. உலகம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. படுக்கையிலேயே கிடந்து சந்தோஷத்தில் அழுதாள்.

சந்தோஷத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது... கோபம்!

இத்தனை வருஷம் கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பு இருந்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாகத் துலங்கியது. கள்ளுக்குடிகாரி என்ற பேச்சு. டிரைவர்களின் சிரிப்பு. தெருவில் தன்னைக் கண்டதும் குழந்தையை இழுத்துக்கொண்டு போன மிலாவின் முதுகு. குனிந்து வெங்காயத்தாள் நறுக்கிய அந்தத் தலை!  

அது வெடித்த காலையில், தொண்டை அடைத்து மூச்சுத் திணறித்தான் அவள் எழுந்தாள். மாஸ்க் மூக்கில் இருந்தது, ஆனால் காற்று வரவில்லை. பசிலிசா கட்டிலருகே பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“போதும் தூங்குனது... எழுந்திரு” என்றாள் கிழவி. குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

லுதி மாஸ்க்கைக் கழற்றினாள். எழுந்தாள். நேராகக் கடைக்குள் போனாள். அர்செனியோ கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். வாசலில் டிரைவர்கள் வந்துவிட்டார்கள். மிலா நூடுல்ஸ் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அவள் உள்ளே வருவதே இல்லை. வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

“அர்சென்! நீ பார்த்த. என் மூச்சு நின்னதை உன் கண்ணால பார்த்த. பார்த்துட்டு, தலையணையை எடுத்துக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்ட!”

“லுதி... மெதுவாப் பேசு. வாசல்ல ஆளுங்க இருக்காங்க...”

“இருக்கட்டும்! என் குறட்டையைத் தெருவே கேட்டுச்சுல்ல? இதையும் கேக்கட்டும்! அன்னிக்கு அந்தப் பிள்ளை கை வெந்து கிடந்தப்போ, ‘குடிச்சிருப்பா’ன்னு உங்கம்மா சொன்னப்போ, நீ எங்க இருந்த? இதோ இந்த இடத்துலதான நின்ன? ‘இல்ல நானாய், இவளுக்கு ராத்திரி மூச்சு நிக்குது, இவ தூங்கறதே இல்ல’ன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்ல உன் நாக்கு ஏன் எழும்பல?”

“பயம் லுதி...” அவன் குரல் உடைந்தது. “அமுக்குவான் பேய் வந்து நெஞ்சுல உக்காருதுன்னு நெனச்சேன். எங்கப்பாவை அதுதான் கொண்டுபோச்சு. வெளிய சொன்னா உன்னையும் கொண்டுபோயிடும்னு...”

“அதனால என்னைத் தனியா அதுகிட்ட விட்டுட்டுப் போனியா...? என்னை எழுப்பியிருக்கலாமே! உலுக்கியிருக்கலாமே! ஒரு ராத்திரி நான் எழுந்திருக்காமலே போயிருந்தா என்ன செஞ்சிருப்ப? ‘நல்ல மனுஷி, தூக்கத்துலயே போயிட்டா’ன்னு பூ வச்சிருப்பியா?”

வழக்கமாகக் கேலி பேசும் டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

பின்னாலேயே வந்து நின்ற மாமியார் பக்கம் லுதி திரும்பினாள். “நீங்க... இப்போ பிளக்கையே பிடுங்கிட்டீங்க. எனக்குக் கிடைக்கிற அந்தக் கொஞ்சம் மூச்சும் உங்களுக்குப் பொறுக்கலையா நானாய்?”

பசிலிசா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

“சத்தம் கேக்கலடி லுதி... உன் சத்தம் கேக்கல! அந்த மனுஷனும் உன்னை மாதிரித்தான் குறட்டை விடுவாரு. ஒரு ராத்திரி திடீர்னு நின்னுச்சு. ‘அப்பாடா, இன்னிக்காவது தூங்கலாம்’னு நான் திரும்பிப் படுத்துக்கிட்டேன்... விடிஞ்சு தொட்டா ஐஸ் மாதிரி இருந்தாரு! இந்த மெஷின் வந்ததிலிருந்து உன் ரூம்ல சத்தமே இல்ல. நான் தூங்கியே பல நாளாச்சு. இன்னிக்கு மனசு கேக்கல... நீ இருக்கியான்னு பார்க்கத்தான் பிடுங்கினேன்...”

லுதியின் கோபம் ஒரு கணம் தடுமாறியது.

வாசலில் கூடை விழுந்தது. நூடுல்ஸ் தரையெங்கும் சிதற, அதன்மேல் மிதித்துக்கொண்டே மிலா ஓடிவந்தாள்.

“எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே அண்ணா! ஆறு வருஷம்... ஆறு வருஷமா நான் இவங்களை எப்படி வெறுத்தேன் தெரியுமா? ஒவ்வொரு நாளும் என் பொண்ணு கையைத் துடைக்கும்போது இவங்களைச் சபிச்சேன்! என்னைத் தூக்கி வளர்த்தவங்களை...! நோயாளியை நிக்க வச்சு அடிச்சிருக்கோம். நீ பார்த்துக்கிட்டு இருந்திருக்க!” அவள் லுதியின் இரண்டு கைகளையும் பற்றி அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “மனாங்... ஆஸ்பத்திரியிலேயே உங்க காலைப் பிடிச்சிருக்கணும். எந்த முகத்தோட வர்றதுன்னு தெரியாம வாசலோட போயிக்கிட்டிருந்தேன்... மனாங்!”

அந்த ஒரு சொல்! லுதி அவளை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருவரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

“தப்பு என் மடியிலதான் நடந்துச்சு மிலா. அது எனக்கு ஆறாது.”

“வேண்டாம்... இனிமே அதைச் சொல்லாதீங்க.”

அர்செனியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். டிரைவர்கள் முன்னால் நின்று, கை இரண்டையும் தொங்கவிட்டபடி சொன்னான்: “எல்லாரும் கேளுங்க. என் பொண்டாட்டி குடிகாரி இல்ல, சோம்பேறியும் இல்ல. அவளுக்கு நோய். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நான் கோழை.”

சொல்லிவிட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

லுதி உள்ளே போனாள். மெஷினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நாலு உடுப்புகளோடு வெளியே வந்தாள்.

“மிலா, உன் வீட்ல எனக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்கா?”

“என் கட்டிலே உங்களுக்குத்தான் மனாங்!”

பசிலிசா தட்டுத் தடுமாறி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். “ராத்திரி... ராத்திரி பக்கத்துல யாராவது இருப்பாங்களாடி?”

“மிலா இருப்பா நானாய். நீங்களும் வந்து பாருங்க. காதைக் கிட்ட வச்சுக் கேளுங்க, மூச்சு மெதுவா வந்து போயிட்டிருக்கும்” என்று லுதி கிழவியின் நெற்றியில் முத்தமிட்டாள்.

அர்செனியோ வண்டிவரை ஓடிவந்தான். “நான்தான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே லுதி... நான் எப்ப வரட்டும்?”

அவள் மெஷினை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு அவனை நிதானமாகப் பார்த்தாள்.

“நீ சொன்னது நல்லது. ஆனா எனக்குக் கோபம் தீரல அர்சென். இத்தனை வருஷத்துல இப்பத்தான் கோபப்படவே ஆரம்பிச்சிருக்கேன். அது முழுசா தீரட்டும். தீர்ந்ததும் நானே ஆள் அனுப்புறேன்.”

வண்டி நகர்ந்தது. அர்செனியோ நடுத்தெருவில் நின்றான். பின்னால் வந்த ஜீப்னி விடாமல் ஹாரன் அடித்தது. அவன் அசையவில்லை.