பைச்சுண்டெலியின் உறக்கம்

செவ்வாய்க் குடியிருப்பில் மூன்று தலைமுறைகளாக யாரும் உறங்கியதில்லை. பிறந்ததும் பிடரியில் பதிக்கும் விழிப்புச் சில்லு அந்தத் தேவையைத் தீர்த்துவிடும். உறக்கம், பெரியம்மையைப் போல ஒழிந்துபோன ஒரு நோய்.

அதனால்தான் கண்ணாடிக் காட்டின் பைச்சுண்டெலி மறுபடியும் சுருண்டு கிடந்ததைப் பார்த்துக் காப்பாளர் கோமகள் பதறினாள். பூக்களில் தேன் நக்கி வாழும் கட்டைவிரல் அளவு உயிர். வயிற்றுப் பைக்குள் நெல்மணி போல இரண்டு குட்டிகள். குளிர் கூடி, பூ குறைந்தால் அதன் உடம்பு சில்லிட்டுப்போகும். உடனே சூடேற்றி எழுப்புவது அவள் வேலை. எழுப்ப எழுப்ப அது இளைத்துக்கொண்டே வந்தது.

"என்னடி, செத்துருச்சா?" என்றாள் உடன் பணியாற்றும் அல்லி.

"தெரியலடி. உணர்வொட்டியப் போட்டுப் பாக்குறேன்."

"பாரு, பாரு. வால் முளைச்சு வந்து நிக்காத."

விலங்கின் உள்ளத்தை மனித உள்ளத்துக்குள் வழியவிடும் அந்தக் கருவியைக் காதோரம் அழுத்தினாள். எதுவும் வழியவில்லை. பசியில்லை, பயமில்லை. கோமகள் என்ற பெயர்கூட எங்கோ நழுவியது. இது சாவா? சாவென்றால் ஏன் இத்தனை இதம்? சூடேற்றியை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. எழுப்பினால் பிழைக்குமா, விட்டால் பிழைக்குமா? அவளுக்கு விளங்கவில்லை. விளங்காமலே கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அல்லி உலுக்கியபோது கோமகளின் கன்னமெல்லாம் எச்சில். பைச்சுண்டெலி தானாகவே எழுந்து, தெம்பாகப் பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது.

"எங்கடி போயிருந்த?"

"எங்கயும் போகல. அதான் நல்லாருந்துச்சு."

இதை அல்லி நாலு பேரிடம் சொல்ல, மறுநாளே காட்டு வாசலில் வரிசை நின்றது. விலங்கைக் குளிரூட்டிச் சுருளவைத்தார்கள். முதல் குழு உணர்வொட்டி அணிந்து சொக்கிப்போனது. பின்னால் நின்றவர்கள், அதை எழுப்பி மறுபடி சுருளவைக்கச் சொல்லிச் சண்டைக்கு வந்தார்கள். மெல்ல நழுவும் அந்த முதல் கணம்தானே சுகம், அது எங்களுக்கு மட்டும் கிடையாதா?

கோமகள் நிர்வாகியிடம் ஓடினாள். "ஐயா, அதத் தூங்க விடுங்க! எழுப்புனா பால் வத்திரும், குட்டிங்க பொழைக்காது."

"அது தூங்கணும்னுதானம்மா இவ்வளவு பாடும்!" என்ற நிர்வாகி, ஒவ்வொரு குழுவுக்கும் அது புதிதாகத் தூங்க வசதியாக, கூட்டுக்குள் ஓர் எழுப்புமணியைப் பொருத்தச் சொன்னார்.