கட்டிலில் படுக்காத குழந்தை

விமான நிலையத்திலிருந்து நாலு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டிவந்து ஆஸ்முன் வீட்டு வாசலில் நிறுத்தியபோது பகல் பன்னிரண்டு. இருட்டு கும்மென்று இருந்தது. வட நார்வேயில் ஜனவரி அப்படித்தான், சூரியன் மாதக் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். அவன் மனைவி ரன்வெய்க் பின்சீட்டிலிருந்து குழந்தையை இறக்கினாள். கொரியாவிலிருந்து தத்து வந்த நாலு வயதுப் பெண், பெயர் மல்-சுன். பதினொரு மாதம் ஃபிரிட்ஜ் கதவில் புகைப்படமாக இருந்தவள் இன்று உயிரோடு வாசலில் நின்றாள்.

"மல்-சுன், இதான் கண்ணு நம்ம வீடு."

குழந்தை உள்ளே போகவில்லை. ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றது. யாருக்கோ வழிவிட்டதுபோல் கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் படி ஏறியது.

"மரியாதை தெரிஞ்ச பொண்ணு. உங்க அண்ணன் பசங்களுக்கு இவளை விட்டுப் பாடம் எடுக்கச் சொல்லு" என்றான் ஆஸ்முன்.

புகைப்படத்தில் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு ஒன்று இருந்தது. இவள் புருவம் சுத்தமாக இருந்தது. "ஆறிப்போயிருக்கும்" என்றான் அவன். பன்னிரண்டு வருடம் பிள்ளைக்கு ஏங்கிக் கிடந்தவளுக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

தத்து கொடுத்தவர்கள் ஒரு கையேடும் அனுப்பியிருந்தார்கள். ரன்வெய்க்குக்கு அதுதான் வேதம். தரையில் படுத்தால் கவலை வேண்டாம், அந்த ஊர் வழக்கம். சாப்பாட்டை எடுத்து வைத்தால் திட்டாதீர்கள், பசி கண்ட பிள்ளை. பேச நாளாகும், அதுவரை பெயரைச் சொல்லி அடிக்கடி, ஆசையாகக் கூப்பிடுங்கள்.

எல்லாம் அச்சுப் பிசகாமல் அப்படியே நடந்தது. குழந்தை மாடி அறையில் போட்டிருந்த புதுக் கட்டிலில் ஏறவே இல்லை, அதன் அடியில் தரையில் சுருண்டுகொண்டது. மீனில் பாதி, உருளைக்கிழங்கில் பாதி, எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கட்டில் தலையணை மேல் வைத்தது. ரன்வெய்க் மாவு பிசையும்போதும் துணி உலர்த்தும்போதும் மல்-சுன், மல்-சுன் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்டாள். ஒரு தடவைகூடக் குழந்தை திரும்பவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டது.

மூன்றாம் நாள் ஆஸ்முன் கடலுக்குக் கிளம்பினான். "மீனாவது என்னைப் பாத்தா பயந்து ஓடும். இவ கண்டுக்கவே மாட்டேங்குறா" என்று சிரித்தான். சிரிப்பில் வருத்தம் இருந்தது.

நான்காம் நாள் ரன்வெய்க் அடுப்படியில் நின்று வழக்கம்போல் மல்-சுன் என்று கூப்பிட்டாள். குழந்தை அவள் காலடியில், மேஜைக்குக் கீழே இருந்தது.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.

பழைய வீடு, குளிருக்கு மரம் முனகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஐந்தாம் நாள் கூப்பிட்டபோது மாடிப்படியில் வெறுங்காலின் ஓசை வந்தது. இரண்டு படி இறங்கி நின்றது. காய்ச்சல்காரர் படுத்த பாயின் புளித்த நெடி படிவழியே மெல்ல இறங்கி வந்தது. குழந்தை படியையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் மேலே போய்ப் போர்வையை விலக்கினாள். யாரும் படுக்காத மெத்தையில் சின்ன உடம்பின் பள்ளம். கை வைத்தாள்.

ஈரம்.

கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் ஹ்வாங் என்றொரு கொரியா நர்ஸ் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அவளுக்குப் போன் போட்டு, குழந்தையின் காதில் வைத்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாகக் குழந்தை வாய் திறந்தது. கிசுகிசுவென்று வெகுநேரம் பேசியது.

ரன்வெய்க் போனை வாங்கியதும் ஹ்வாங் சொன்னாள்.

"அக்கா, அந்தப் பேரை இனிமே சொல்லாதீங்க."

"ஏன்?"

"இவ பேரு ஓக்-புன். மல்-சுன் அநாதை இல்லத்துல இவ பக்கத்துப் பாயில படுத்திருந்த புள்ள. காய்ச்சல் வந்து செத்துப்போச்சு. பேப்பரெல்லாம் தயாரா இருந்துச்சு, டிக்கெட்டும் வாங்கியாச்சு. 'இன்னிலேர்ந்து நீதான் மல்-சுன்'னு இவளை ஏத்தி அனுப்பிட்டாங்க."

"அப்ப மாடில?"

"அவளும் கூடவே வந்துட்டாளாம். அம்மா கெடைச்சது அவளுக்குத்தானே, அதனால கட்டிலும் அவளுக்குத்தானாம். நீங்க கூப்பிட்டா எறங்கி வர்றாளாம். யாரும் தூக்கலேன்னா திரும்பப் போயிடுறா. ஒரு தடவை யாராச்சும் கட்டிக்கிட்டா அப்புறம் போகவே மாட்டாளாம். தனக்கு எடம் இருக்காதுன்னு இவ பயப்படுறா."

பயத்துக்கு முன்னால் ரன்வெய்க்குக்கு வந்தது வெட்கம். பதினொரு மாத ஆசை முழுவதையும் ஒரு செத்த பிள்ளைக்குக் கொட்டியிருக்கிறாள். உயிரோடு வந்தவளை அவள் பெயர் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மேலே இருப்பதும் பாவம், நாலு வயதுக் குழந்தைதானே என்றும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் அடுப்படித் தரையில் மண்டியிட்டு மெல்லச் சொன்னாள்.

"ஓக்-புன்."

குழந்தை திரும்பியது. ஒரு கணம் பார்த்துவிட்டு ஓடிவந்து மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான, கனமான, உண்மையான பிள்ளை. ரன்வெய்க் வாய்விட்டு அழுதாள்.

அப்போதுதான் வாசலில் ஆஸ்முனின் வண்டிச் சத்தம் கேட்டது.

"ஆஸ்முன், கூப்பிடாத!" என்று கத்தினாள். அவன் கதவைத் திறந்ததும் காற்று அந்தக் குரலை விழுங்கியது. இருட்டு நடையில் நின்றபடி அவன் உற்சாகமாகக் கூவினான்.

"மல்-சுன்! அப்பா வந்தாச்சு!"

மாடிப்படி முழுவதும் தடதடவென்று சின்னக் கால்கள் ஓடி இறங்கின.

"அடடா, ஓடியே வந்துட்டாளே! ரன்வெய்க், கழுத்தைக் கட்டிக்கிட்டா!" அவன் குரல் சந்தோஷத்தில் தழுதழுத்தது. "ஆனா உடம்பு ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

ரன்வெய்க் பிடியை இறுக்கினாள். ஓக்-புன் அந்தக் கைகளை ஒவ்வொரு விரலாக விலக்கி மடியிலிருந்து இறங்கினாள். சுவரோரம் போய், வழிவிட்டு நின்றாள்.